ஊழியமும் தொண்டும்

மாரி தொடங்குமுன் குளக்கட்டைத் திருத்துதற்கு மாணாக்கரையும் அழைத்துச்செல்லும் வழக்கம் வன்னிநாட்டில் உண்டு. சிரமதானம் என்பது இக்காலத்தில் அதற்கு வழங்கும் பெயர். கத்தியும் மண்வெட்டியும் கூடையுங் கொண்டு செல்லும் அப்பிள்ளைகளுள் ஒருவன், அந்தக் குளத்தின்கீழ்த் தன் பெற்றோருக்கு வயல் இல்லையென்றும், அங்ஙனமாகத் தான் ஏன் மண்சுமத்தல் வேண்டுமென்றும் வினாவுவானாயின், அவனுக்கு உபாத்தியாயர் கூறும் விடை யாது? பரோபகாரஞ் செய்தாற் புண்ணியம் உண்டாகும் என்று சொல்லி அவனை வாயடக்கிவிடுதல் எளிது. சித்தாந்தங் கற்ற உபாத்தியாயர்க்கோ அஃது அத்துணை எளிதன்று. குளந்தோண்டல், சோலைவைத்தல், சத்திரங்கட்டல் முதலாயின பசுபுண்ணியம் என்றும், அவை அழியுந் தன்மையவாகிய போகங்களைக் கொடுத்து மீளவும் பிறவியிற் செலுத்தும் என்றும், சிவபுண்ணியமே ஞானத்துக்கு ஏதுவாம் என்றும் அவர் படித்திருக்கின்றார். அதனையே வகுப்பிற் படிப்பித்தும் இருக்கின்றார். முற்பகலிற் பசுபுண்ணியம் தாழ்ந்ததென்று படிப்பித்துப் பிற்பகலில் அப்பிள்ளைகளைக் குளக்கட்டிற் கொண்டுபோய் விடுதல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்கள் போலத் தோன்றினும், உற்று நோக்குவார்க்கு ஒன்றேயாம். மண்சுமத்தல் எப்பொழுது ஊழியமாகும், எப்பொழுது தொண்டாகும் என்பதே அவ்வொன்று.

ஊழியம் என்னுஞ் சொல் நம்முன்னோர்க்கு இனிய சொல்லன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தில் அஃது ஒரு வரியின் பெயராயிருந்தது. குறிக்கப்பட்ட சில வகுப்பார் ஆண்டுதோறுஞ் சில நாட்களுக்குக் கூலியின்றிக் கும்பனிக்கு உடலுழைத்தல் வேண்டும். இயலாதார் அதற்கு ஈடாகப் பணமிறுத்தல் வேண்டும். தொண்டு என்பதோ நாவுக்கரசர் பெருமான் உழவாரப்படை ஏந்திச் செய்த கைத்திருப்பணியைக் குறிக்குஞ் சொல். ஆயினும் தொண்டு என்பதற்கும் அடிமைத்திறம் என்பதே பொருள். கூடை தலையில் ஏறியபின் இரண்டும் ஒரே பாரந்தான். ஆகலின், வேறுபாடு செயலின் வடிவில் இல்லை. பிறிதோரிடத்தில் அதனைத் தேடுதல் வேண்டும். அதற்கு வன்னிநாட்டுக் குளங்களின் வரலாறு நமக்குப் பெரிதும் துணைசெய்வதாகும்.

வன்னியிலே குளமின்றி ஊரில்லை. வவுனியாவினின்று முல்லைத்தீவுக்கோ கிளிநொச்சிக்கோ செல்வார், ஊர்ப்பெயர்களை எண்ணிச் சென்றாலே அதனை அறிந்துகொள்வர்; குளமென்றும் மடுவென்றும் மோட்டையென்றும் முடியாத பெயர் அங்கே அரிது. கட்டின்மேற் பிள்ளையாரோ ஐயனாரோ எழுந்தருளியிருப்பர். பழைய முறையிலே, குளத்தின்கீழ் ஒருவனுக்கு எவ்வளவு வயல் உண்டோ அவ்வளவுக்கேற்பக் கட்டிலும் அவனுக்குப் பங்கு உண்டு. கட்டிலே தன் பங்கைத் திருத்தாதவன் துருசு திறக்கும்போது நீர்கேட்டு வாய்திறவான். இது சட்டப்புத்தகத்தில் எழுதப்படுமுன்னரே ஊரார் நாவில் இருந்த சட்டம்.

இராசகாரியம் என்னுங் கட்டாய உழைப்பைக் கோல்புறூக் ஆணைக்குழுவாரின் விதப்புரைப்படி ஆங்கில அரசினர் 1832ஆம் ஆண்டில் ஒழித்தனர். அச்செயல் அறத்தின்பாற்பட்டது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒருவனுடைய உடம்பை அரசன் கூலியின்றிக் கொள்ளுதற்கு நியாயமில்லை என்னுங் கருத்து, உலகமெங்கும் அடிமைத்தளை அறுபட்டுவந்த காலத்துக் கருத்தாகும். ஆனால் விலங்கை வெட்டியவர்கள் அவ்விலங்கோடு பிணைந்திருந்த வேறொன்றையும் உடன்வெட்டிவிட்டனர். எவரையுங் கட்டாயப்படுத்துதல் கூடாதென்றமையால், ஊருக்கு ஊர் குளக்கட்டுப் பங்கினைக் கேட்போர் இல்லாராயினர், ஒருவன் தன் பங்கைச் செய்யாதிருக்க, மற்றவன் நான்மட்டும் ஏன் செய்தல்வேண்டும் என்றிருந்தான், கட்டு உடைந்தது. இருபத்துநான்கு ஆண்டுகளின்பின், 1856இல், ஹென்றி வாட் தேசாதிபதியின் காலத்தில், நீர்ப்பாய்ச்சல் பற்றிய பழைய வழக்கங்களை மீளவும் நிலைநிறுத்துதற்கென ஒரு கட்டளைச்சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. ஒழித்தவர்களே தேடிக்கொண்டுவந்தனர் என்க.

வன்னியின் பாழுக்கு இஃதொன்றே காரணம் என்று கூறுவாருளர். நாம் அவ்வாறு கூறமாட்டோம். ஒல்லாந்தரோடும் ஆங்கிலேயரோடும் வன்னியர் பொருத போர்களும், 1803ஆம் ஆண்டிற் பண்டாரவன்னியன் தோல்வியுற்ற பின்னர் ஊர்கள் கலைந்தமையும், காய்ச்சலும் பறங்கிநோயும் அதற்கு முன்னரே அந்நாட்டை மெலிவித்துவிட்டன. ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் உத்தியோகத்தர் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய நூலைப் படிப்பார், காடு கொண்ட ஊர்களையும் உடைந்து கிடந்த குளங்களையும் அதிற் கண்டு வருந்துவர்.

அதன்பின் வேறொரு கருத்து வந்தது. ஊரார் பங்கு முறையாற் செய்யமுடியாத பெரிய குளங்களை அரசினரே கூலிகொடுத்துக் கட்டுவித்தல் என்பது அது. 1900ஆம் ஆண்டில் நீர்ப்பாசனத்துக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடைபெற்றது. அக்குளத்தின்கீழ் இக்காலத்தில் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் உண்டு. 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் நிலமின்றியும் தொழிலின்றியும் நெருங்கியிருந்த குடும்பங்களைக் குடியேற்றுதற்கு 1936இற் கிளிநொச்சியிற் குடியேற்றத்திட்டந் தொடங்கிற்று. சுதந்திரத்தின்பின் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் திருத்தப்பட்டன. காடாய்க் கிடந்த நாடு நெல்விளையும் நாடாயிற்று. கட்டியவர்களுக்குங் குடியேறியவர்களுக்கும் நாம் நன்றியுடையோம். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. பழைய குளத்திலே மண்சுமந்தவனே நீர் கொண்டான். புதிய குளத்திலே மண்சுமந்தவன் கூலி கொண்டு போயினான், நீர்கொண்டவன் பிறனொருவன். நீர்கொண்டவனுக்குக் கட்டின்மேல் அன்பு குறைந்தது, கட்டு திணைக்களத்தாருடையதாயிற்று.

இந்நிலையிலே மலையகத் தமிழர் வன்னிக்கு வந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தாற் பண்டங்கள் போலப் பங்கிடப்பட்டவர். 1970களிலே தோட்டங்களிற் பட்டினியையும், 1977ஆம் ஆண்டிற் கலகத்தையும் கண்டு ஓடிவந்தவர். அவர்களைக் கண்டு இரங்கியவர் பலர். இருக்கை அமைத்தவர் சிலர். அச்சிலருள் வவுனியாவைத் தளமாகக்கொண்டு காந்தியம் என்னும் இயக்கத்தை நடாத்திய இருவரை இங்கே குறித்தல் கடமையாகும். ஒருவர் கரம்பனிற் பிறந்து பிறநாடுகளிற் கட்டடக்கலைஞராய்ப் பணிபுரிந்து, உழைத்ததையெல்லாம் இதற்கே கொடுத்த சொலமன் அருளானந்தம் டேவிட் அவர்கள். மற்றவர் வைத்தியர் இராசசுந்தரம் அவர்கள். டேவிட் ஐயா சைவரல்லர். அதனால் அவரைக் கூறாது விடுதல் சைவத்துக்கு அழகாகாது.

அவ்விருவருஞ் செய்தது யாது? சோறு கொடுத்து அனுப்பிவிடவில்லை. காணியுங் கிணறும் விதையுங் கொடுத்து, வந்தவர்களைக் கமக்காரராக்க முயன்றனர். மழலையர் பள்ளிகளை ஊரூராய் அமைத்து, இளம்பெண்களைப் பயிற்றி, அவற்றில் ஆசிரியராக்கினர். நிலமில்லாதவன் கையிலுள்ள மண்வெட்டி பிறனுக்கே வெட்டும். தன் நிலத்தில் நிற்பவன் கையிலுள்ள மண்வெட்டி தனக்கும் வெட்டும், ஊருக்கும் வெட்டும் என்பது அவர்களுடைய கருத்துப் போலும். 1983ஆம் ஆண்டு ஏப்பிரலில் இருவருஞ் சிறைப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆந் திகதி வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் அவர்கள் கொலையுண்டார். டேவிட் ஐயா மட்டக்களப்புச் சிறையினின்று தப்பி, நெடுங்காலந் தமிழகத்தில் வாழ்ந்து, 2015இல் மீண்டுவந்து, அவ்வாண்டிலேயே கிளிநொச்சியில் உயிர்நீத்தார்.

இயக்கம் போயிற்று, குடியேறிய மக்கள் போகவில்லை. போரினூடு பலமுறை இடம்பெயர்ந்து, 2009இன் பேரழிவைக் கடந்து, மீளவந்து இருக்கின்றனர். ஆனால் அவர்களுட் பலருக்குக் குளத்தின்கீழ் வயல் இல்லை. மேட்டுக்காணியில் ஒரு வீடும் ஒரு கிணறும். காலபோகத்திற் பிறர் வயலில் நாட்கூலி. சிறுபோகத்தில் அதுவுங் குறைவு. வாய்க்கால்நீர் அவர்கள் வேலியோரமாய் ஓடி வேறொருவர் வயலிற் பாயும். பழங்குடிகளாகிய நம்மவருட் சிலர் அவர்களைத் தோட்டக்காட்டார் என்று இழித்துரைத்தலும் இன்னும் ஒழிந்தபாடில்லை. சிரமதானத்திலே வினாவெழுப்பிய பிள்ளை இவ்வீட்டுப் பிள்ளையாயிருத்தல் கூடும்.

இனிப் புராணத்துக்கு வருவாம். வைகை பெருகிக் கரையுடைந்தபோது அரிமர்த்தன பாண்டியன் வீட்டுக்கு ஒருபங்காகக் கரையை அளந்துவிட்டான். வந்தி என்னும் பிட்டுவாணிச்சிக்கும் ஒருபங்கு வந்தது. அவளுக்கு மகனில்லை, உறவில்லை, கூலியாளும் அகப்படவில்லை. அவளுக்கு வைகையின்கீழ் வயலிருந்ததென்று எங்கும் நாம் கேட்டதில்லை. ஆயினும் பங்குமட்டும் மற்றையோர்க்குப்போல வந்தது. அரசனுடைய கணக்கர் பங்கினை அளக்குங்கால் வீட்டை எண்ணினரன்றி வீட்டிலுள்ளாரை எண்ணிற்றிலர். அப்பொழுதன்றோ சொக்கலிங்கப்பெருமான் சும்மாடுங் கூடையுமாய் வந்து, உதிர்ந்த பிட்டுக்கு ஆளாயினார்? அவர் நல்ல கூலியாளருமல்லர். உண்டார், பாடினார், ஆடினார், உறங்கினார். வந்தியின் பங்குமட்டும் அடைபடாது கிடந்தது. அரசன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன்மேலும், அரசியர்மேலும், அமைச்சர்மேலும், கருவிலிருந்த குழவிமேலும், எல்லா உயிர்மேலும் பட்டது.

இக்கதையை வகுப்பிலே எளியார்க்கு எளியனாகிய இறைவன் பெருமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோம். அது பொருந்தும். ஆனால் அடி எல்லார்மேலும் பட்டதற்குக் காரணம் யாதென்று பிள்ளைகளைக் கேட்போமா? இறைவன் எவ்வுயிர்க்கும் உயிராய் நிற்றலின் என்பது சித்தாந்த விடை. அவ்விடையிலிருந்து மற்றொன்றும் பெறப்படும். பங்கிலே அநீதி நிகழுங்கால், அதனாற் புண்படுவது அப்பங்கு சுமத்தப்பட்டவன் முதுகு மாத்திரமன்று. அதனை அளந்துவிட்டவன் முதுகும், பார்த்துநின்றவன் முதுகுமாம்.

இதனோடு தண்டியடிகள் வரலாற்றையும் வைத்து நோக்குக. பிறவியிலே கண்ணில்லாத அவர், திருவாரூர்த் திருக்கோயிலின் மேற்பாலுள்ள குளம் தூர்ந்து குறுகினமை அறிந்து, குளத்தினுள்ளும் கரையிலும் தறிகளை நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று, மண்ணை வெட்டிக் கூடையிற் சுமந்துவந்து கரையிற் கொட்டினார். அறுபத்துமூவருட் குளந்திருத்தியே அடியவரானவர் அவர். அவரைத் தடுத்த சமணர், மண்ணை வெட்டினாற் சிற்றுயிர்கள் மடியும் என்று கூறினர் என்பது புராணம். இகழ்ச்சி கலந்து வந்தமையால் அவ்வுரையை நம்மவர் எளிதிற் கடந்துசெல்வர். அவ்வுரை தன்னளவில் இழிந்ததன்று. காட்டை அழித்துக் குடியேறுவோரும், வன்னியின் ஆறுகளில் இரவோடிரவாய் மணலை அள்ளிச்செல்வோரும் நிறைந்த இந்நாளில், மண்வெட்டியை ஓங்குமுன் அதன்கீழ் எவ்வுயிர் உண்டென்று நோக்குதல் சைவனுக்கும் கடமையே. தண்டியடிகள் வெட்டியது தூர்ந்த குளத்தின் மண்ணை, ஆற்றின் வயிற்றையன்று.

பசுபுண்ணியம், சிவபுண்ணியம் என்னும் பாகுபாடு இங்கே விளக்கமுறுகின்றது. குளந்தோண்டல் என்னுந் தொழில் தாழ்ந்ததாயின் தண்டியடிகள் தொழிலுந் தாழ்ந்ததாதல் வேண்டும். கோயிற்குளமாகலின் அது சிவபுண்ணியமாயிற்று என்று ஒருசாரார் கூறுவர். வந்திபொருட்டு இறைவன் அடைத்தது கோயிற்குளத்தின் கரையோ? வைகைக்கரை, ஊரார் கரை. ஆதலின் வேறுபாடு இடத்திலும் இல்லை. யான் செய்கின்றேன், எனது குளம், எனது பெயர் என்னும் முனைப்போடு செய்வது பசுபுண்ணியம். எவ்வுயிரினும் நிறைந்து நிற்பான் பணியெனக் கொண்டு செய்வது சிவபுண்ணியம் என்பதே நாம் கொள்ளும் பொருள். நாவலர் பெருமான் 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திற் கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தினார். அது சைவத்தொண்டு அன்று என்று சொல்லுவார் இன்று உளரோ?

அங்ஙனமாயின் கட்டாயம் என்பது தொண்டைக் கெடுக்குமோ? அவ்வாறு நாம் கருதவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதலுங் கட்டாயந்தான். பழைய ஊரிலே பங்கு கட்டாயமாகவே இருந்தது. ஆயினும் அதனை எவரும் ஊழியமென்று வெறுக்கவில்லை. ஏனெனில், கட்டிற் பங்கும் நீரிற் பங்கும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன. இராசகாரியத்தைக் கொடுமையாக்கியது உழைப்பன்று, கட்டாயமுமன்று; உழைப்பு ஒருவனிடமும் பயன் மற்றொருவனிடமும் சென்றமையே. 1832இன் சீர்திருத்தக்காரர் இவ்விரண்டையும் பிரித்தறிந்திலர். சோம்பரைத் துரத்தும் அதிகாரி ஒருவனே குளங்காப்பான் என்று எண்ணுவாரும் அறிந்திலர். காந்தியத்தார் அறிந்திருந்தனர் என்றே நாம் துணிகின்றோம். அவர்கள் நிலத்திலிருந்து தொடங்கினமையே அதற்குச் சான்று.

இவ்வளவுகோலை யாழ்ப்பாணத்திலுள்ள நாமும் நம்மேல் வைத்துப் பார்த்தல் நன்று. 2010ஐ அடுத்த ஆண்டுகளில் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுவரும் திட்டம் எழுந்தது. குளக்கட்டை உயர்த்தி மேலதிகமாகத் தேக்கும் நீரே வரும் என்றனர். சிறுபோகத்துக்கே நீர் போதாது ஏக்கர்க்கணக்கைக் குறைத்துப் பங்கிடும் கிளிநொச்சிக் கமக்காரர் அதனை எதிர்த்தனர். நம்மவருட் பலர் அவர்களைத் தன்னலத்தார் என்று வைதனர். தாகத்துக்குத் தண்ணீர் கேட்பது குற்றமன்று. விடாயுற்றவனுக்கு நீரில்லையென்றல் சைவர் வாயில் வரத்தகாத சொல். ஆயினும், அக்கட்டிலே நீங்கள் எந்நாள் மண்சுமந்தீர்கள் என்று அவர்கள் கேட்டிருந்தால் நாம் என்ன விடை கூறியிருப்போம்? நமது கிணறுகளை நாமே உப்பாக்கியும் எருவால் நஞ்சாக்கியும் விட்டுப் பிறர் குளத்தைப் பார்த்தோம் என்பதன்றோ உண்மை? பின்னர்க் கடல்நீரை நன்னீராக்கும் வழி தெரிந்துகொள்ளப்பட்டு, தாளையடியில் அதற்கான நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. இரணைமடுவோ 2018ஆம் ஆண்டு திசம்பரில், திருத்தவேலைகள் முடிந்து கையளிக்கப்பட்ட சில நாட்களிலேயே, பெருமழையால் நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியின் தாழ்நிலங்களை வெள்ளத்தில் ஆழ்த்திற்று. நீரில்லாக் காலத்திற் பங்கில்லாதவன் வெள்ளக்காலத்திற் பங்கு பெற்றான். வயலில்லாதார் வீட்டிலும் வெள்ளம் புகுந்தது.

இதுவே பிள்ளைக்குக் கூறும் விடையின் முற்பாதி. குளம் உடைந்தால் உன் வீடும் போம், ஆகலின் கட்டு உன்னுடையதுமாம் என்று அவனுக்குச் சொல்லலாம். பிற்பாதியை அவனுக்குச் சொல்வதிற் பயனில்லை. அது கமக்காரர் அமைப்பினரிடத்துச் சொல்லவேண்டியது. கட்டிலே மண்சுமக்க அழைக்கப்பட்ட வீடுகளுள் நீரிற் பங்கில்லாத வீடுகள் எத்தனை? குளத்து மீனிலோ, அலைகரைப் புல்லிலோ, சிறுபோகத்திற் குத்தகைக்கு விடப்படும் நிலத்திலோ அவ்வீடுகளுக்கு ஒருபங்கு ஒதுக்குதல் இயலாதா? இவற்றை உபாத்தியாயர் எழுந்து கேட்டால் ஊரார் கேட்பர். சைவப் பாடசாலைகளை 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசினர் பொறுப்பேற்றபின், உபாத்தியாயர் ஊரின் மனிதர் என்னும் நிலை மாறி இடமாற்றத்துக்குக் காத்திருக்கும் உத்தியோகத்தர் என்னும் நிலை வந்துவிட்டது. அது மெய்யே. ஆயினும் வன்னியின் சிற்றூர்களில் அவர் சொல்லுக்கு இன்னுஞ் செவியுண்டு.

பிட்டுக்கு மண்சுமந்த திருவிளையாடல் மதுரையிற் கொண்டாடப்படுவது ஆவணி மூலத்தில். வன்னிக் குளங்களில் நீர் மிக வற்றிக் கட்டின் பழுதுகள் வெளிப்பட்டு நிற்கும் பருவமும் அதுவே. சிரமதானத்தை அந்நாளில் வைத்து, வந்தியின் கதையைக் கட்டின்மேலேயே சொல்லி, பழங்குடியென்றும் வந்தகுடியென்றும் பாராது ஒரே வரிசையில் இருத்திப் பிட்டு வழங்குதல் எந்தப் பாடசாலைக்கும் இயலும். மாவும் தேங்காயும் கமக்காரர் தருவர். காலபோகத்துக்கான கூட்டம் பெரும்பாலும் புரட்டாதியிற் கூடுகின்றது. பங்கில்லாத வீடுகளின் கணக்கை அதற்குள் எடுத்து முடித்தற்கு ஆவணி மூலத்தினின்று மூன்று நான்கு கிழமைகள் உண்டு.